இது உங்களிடம் எப்படி வந்தது?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பாலையூற்று வட்டப் பழைய மாணவியர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



பெண்கல்வியைப் பற்றியும் பாடசாலை வரலாற்றைப் பற்றியும் பேசுவதற்கு எங்களைவிடத் தகுதியானவர்கள் இன்று இருக்கிறார்கள். பாலையூற்று வட்டத்துக்குக் கிடைத்த தலைப்பு “ஓய்வும் பொழுதுபோக்கும்”. ஆகவே மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நாங்கள் ஏழு பேர் பின்னேரம் நாலு மணிக்கு ஒரு வீட்டு விறாந்தையில் கூடித் தொலைக்காட்சி பார்க்கிறோம். மாமியார் மருமகள் தொடர் நாடகம் அல்ல. பழம்பொருள் மதிப்பிடுகிற, புதையல் தேடுகிற நிகழ்ச்சிகள்.

2020 ஊரடங்குக் காலத்தில்தான் இந்தப் பழக்கம் பிடித்தது. வேலிக்கு மேலால் கறி மாற்றிக்கொண்டிருந்த எங்களுக்கு ஒரு பேரப்பிள்ளை யூரியூப்பில் பி.பி.சி.யின் ‘அன்ரீக்ஸ் ரோட்ஷோ’வைப் போட்டுக் காட்டினான். 1979 முதல் இன்றுவரை ஓடும் நிகழ்ச்சி அது. ஒரு பழைய மாளிகையின் புல்வெளியில் மேசைகளைப் போடுகிறார்கள். ஊர்ச்சனம் பையிலும் பெட்டியிலும் வீட்டுச் சாமானைச் சுமந்துகொண்டு வரிசையில் நிற்கிறது. மதிப்பீட்டாளர் ஒருவர் அந்தக் கோப்பையையோ மணிக்கூட்டையோ கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார். எடுத்த உடனே விலை சொல்வதில்லை. முதலில் கேட்பது, “இது உங்களிடம் எப்படி வந்தது?”

அந்தக் கேள்வியில்தான் நாங்கள் விழுந்துபோனோம். ஆங்கிலம் எங்களில் மூன்று பேருக்கு நன்றாக வரும், மற்றவர்களுக்கு முகம் பார்த்தே விளங்கும். அம்மம்மாவின் தங்கை லண்டனில் வேலைக்கு நின்ற வீட்டில் கொடுத்தது, போரில் இறந்த மாமா அனுப்பியது, குப்பையில் போட எடுத்ததைத் தடுத்து வைத்தது என்று அந்தச் சனம் சொல்லச் சொல்ல, பொருள் பெரிதாகிக்கொண்டே போகும். கடைசியில் விலை. அந்த விலையைக் கேட்டு வெள்ளைக்காரர் அதிகம் சத்தம் போடுவதில்லை. கண் மட்டும் கலங்கும்.

இதன் அமெரிக்கப் பதிப்பு 1997 இல் தொடங்கியது. 2001 இல் அரிசோனாவின் ரூசன் நகரத்தில் ஒரு வயதானவர் பழைய கம்பளிப் போர்வை ஒன்றைக் கொண்டுவந்தார். வீட்டில் கதிரையின் முதுகில் போட்டிருந்ததாம். பூர்வகுடி நவஹோப் பெண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெய்த, மிக அரிதான வகை அது என்று மதிப்பீட்டாளர் சொன்னார். மூன்றரை லட்சம் தொடக்கம் ஐந்து லட்சம் டொலர். அந்த மனிதர் தொண்டை அடைத்துப்போய் நின்ற காட்சியை நாங்கள் எத்தனையோ முறை பார்த்துவிட்டோம். எங்களில் கணிதம் படிப்பித்த ஒருவர் உடனுக்குடன் ரூபாவாக்கிச் சொல்லுவார். 2022 இல் ஒரு டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபது வரை ஏறியபோது, அந்தப் போர்வை எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே விலை ஏறியது. அதை நெய்த பெண்ணின் பெயர் என்ன என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. இது எங்கள் விறாந்தையில் எழுந்த ஆட்சேபம். ஊடுபாவு நெசவைத் தையல் வகுப்பில் படித்த எங்களுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு.

எல்லாம் உண்மை என்று நம்பி ஏமாறவும் இல்லை. அதே அமெரிக்க நிகழ்ச்சியில் ஆயுதங்களை மதிப்பிட்டவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒருவரையே பழைய வாள் ஒன்றோடு வரவைத்து, வத்தகப்பழம் வெட்டிய வாள் என்று கதை சொல்ல வைத்தது பின்னால் வெளிப்பட்டது. பெயர் பெற்றதும் உண்மையான சொந்தக்காரர்களின் பொருள்களைக் குறைந்த விலைக்குப் பறித்த குற்றத்துக்காக நீதிமன்றமும் போனார்கள். விலை தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர் என்று இரண்டு பேர் எதிரெதிரே நிற்கும் இடம் எதுவும் ஆபத்தான இடம்தான்.

எங்கள் வீட்டு வாசலுக்கும் அப்படி ஒருவர் வருவார். சைக்கிள் கரியரில் தராசு, இரண்டு பக்கமும் உரப்பை. “பழைய பித்தளை, செம்பு, அலுமினியம், போத்தில்!” எங்கள் அம்மாமார் வெற்றிலைத் தட்டத்தையும் பன்னீர்ச் செம்பையும் படிக்கத்தையும் அவரிடம்தான் நிறுத்துக் கொடுத்தார்கள். கிலோக் கணக்கு. ‘எப்படி வந்தது’ என்று அவர் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. ஒரு பிளாஸ்ரிக் வாளி கிடைத்ததே என்று சந்தோசப்பட்டோம். அவரில் குறை சொல்லவில்லை, அவர் பிழைப்பு அது. வெள்ளை அரிசி வாங்கக் காசில்லாத மாதங்களும் இருந்தன.

இதோடு சேர்த்து ஒரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். பழைய உலோகத்தின் மேல் காலத்தால் படிந்த நிறத்தை அழிக்கவே கூடாது என்று ரோட்ஷோக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்கள். மினுக்கினால் பாதி விலை போய்விடுமாம். நாங்களோ பழப்புளியும் சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் கொண்டு விளக்கியே வளர்ந்தவர்கள். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு பொன்போல இல்லாவிட்டால் அம்மாவிடம் ஏச்சு விழும். இந்த ஒரு விஷயத்தில் பி.பி.சி.யோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. விளக்கு கும்பிடுவதற்கு, விற்பதற்கு இல்லை.

அடுத்து ‘போன் ஸ்ரார்ஸ்’. லாஸ் வேகாஸ் நகரத்தில் தகப்பன், மகன், பேரன் என்று மூன்று தலைமுறை நடத்தும் ஓர் அடைவு கடையின் கதை. 2009 இல் தொடங்கியது. வருபவர்கள் சிரித்துக்கொண்டு வருகிறார்கள், பேரம் பேசுகிறார்கள், சிரித்துக்கொண்டு போகிறார்கள். அதிகமானவர்கள் அடைவு வைக்காமல் விற்றுவிட்டே போகிறார்கள். கிழவர் ஹரிசன் 2018 இல் காலமானார் என்று அறிந்தபோது சொந்தக்காரர் போனதுபோல இருந்தது. ஆனாலும் இந்த நிகழ்ச்சியை நாங்கள் முழுமனதோடு ரசித்ததில்லை. ஏன் என்று எங்களுக்குள் பேசிப் பார்த்தோம்.

எங்களுக்கு அடைவு என்பது சிரிக்கிற இடம் அல்ல. எங்களில் நான்கு பேரின் படிப்பு அம்மாவின் சங்கிலியில் நடந்தது. தவணைப் பரீட்சை வரும்போது சங்கிலி உள்ளே போகும், நெல்லு வெட்டியதும் அல்லது அப்பாவுக்குத் துறைமுகத்தில் மேலதிகச் சம்பளம் கிடைத்ததும் வெளியே வரும். சில முறை வரவில்லை. முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போன அம்மாமாரை நாங்கள் பார்த்திருக்கிறோம். கவுண்டருக்கு முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது தலையைக் குனிவார்கள். 2022 இல் எங்கள் தெருவில் அடைவுத் துண்டு இல்லாத வீடு குறைவு. நகையை உரசிப் பார்ப்பவர் ‘உங்கள் கதை என்ன?’ என்று கேட்பதில்லை. கேட்டிருந்தால் எங்கள் அம்மாமார் விடியுமட்டும் சொல்லியிருப்பார்கள்.

மூன்றாவது நிகழ்ச்சியை நாங்கள் ஒரே ஒரு நாள் பார்த்தோம். ‘ஸ்ரோரேஜ் வோர்ஸ்’. 2010 இல் தொடங்கிய அமெரிக்க நிகழ்ச்சி. வாடகை கட்டாமல் விட்டுப்போன களஞ்சிய அறைகளின் பூட்டை வெட்டி, உள்ளே இருப்பதை வாசலில் நின்றபடி பார்த்து ஏலம் கேட்கிறார்கள். எடுத்தவர் பெட்டிகளை உடைத்துக் காசாகக்கூடியதைத் தேடுகிறார். அன்றைக்குத் திறந்த அறையில் ஒரு பிள்ளையின் பாடசாலைப் பை இருந்தது, குடும்பப் படங்கள் இருந்தன. படங்களைத் தூக்கி ஒரு பக்கம் எறிந்தார்கள், சட்டம் மட்டும் தேவைப்பட்டது. எங்களில் ஒருவர் எழுந்து உள்ளே போய்விட்டார். தேத்தண்ணி போடப் போனார் என்று நினைத்தோம். அரை மணித்தியாலம் வரவில்லை.

1983, 1985, 1990. இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஆண்டுகளை விளக்கத் தேவையில்லை. பின்வரிசைத் தங்கைமார் வீட்டில் கேட்டுப் பாருங்கள். பூட்டிவிட்டுப் போன வீட்டுக்குத் திரும்பி வரும்போது பூட்டு இருக்காது, சில இடங்களில் கதவும் இருக்காது, கதவு நிலையும் இருக்காது. அலுமாரி யாருடைய வீட்டிலோ இருக்கும். பிறகு ஒருநாள் தெற்கில் ஏதோ ஹோட்டலின் முன்மண்டபத்தில் ஒரு பழைய செதுக்கல் கதவைப் பார்க்கும்போது, இது எங்கே இருந்து வந்தது என்று எங்கள் கால் தானாக நிற்கும். அலங்காரம் அழகாகத்தான் இருக்கும். கேட்பதற்கு வாய் வராது.

எழுந்துபோன தோழி 1990 இல் புறப்படும்போது பித்தளைக் குடம், குத்துவிளக்கு இரண்டு, மூக்குப்பேணி ஆறு, ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் பிறப்புச் சான்றிதழ்கள், எல்லாவற்றையும் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் புதைத்துவிட்டுப் போனார். அடையாளம் ஒரு முருங்கை மரம், அதிலிருந்து கிணற்றுப் பக்கமாக ஆறு அடி. திரும்பி வந்தபோது முருங்கையும் இல்லை, கொட்டிலும் இல்லை, கிணறு தூர்ந்திருந்தது. மூன்று முறை தோண்டினார்கள். மூன்றாவது முறை ஒரேயொரு மூக்குப்பேணி அகப்பட்டது, பச்சைப் பாசிபோலக் களிம்பு ஏறி, மூக்கு நசிந்து. அதை அவர் இன்றுவரை புளி போட்டு விளக்கவில்லை. இந்த இடத்தில் மட்டும் பி.பி.சி. வென்றது.

அதற்குப் பிறகுதான் ‘ஓக் ஐலண்ட்’ எங்களுக்குச் சரியாக விளங்கத் தொடங்கியது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒரு சின்னத் தீவு. 1795 இல் அங்கே ஓர் இளைஞன் நிலத்தில் ஒரு பள்ளத்தைக் கண்டான் என்பது கதை. அன்று தொடக்கம் தோண்டுகிறார்கள். 2014 முதல் இரண்டு சகோதரர்கள் தொலைக்காட்சிக்காகவும் தோண்டுகிறார்கள். ஒரு வருடத்துக்கு ஒரு துண்டு மரம், ஒரு பழைய ஆணி, ஒரு நாணயம். “உதைவிட எங்கட வளவில தோண்டினா ஏதும் வந்திருக்கும்” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே ஒன்றும் விடாமல் பார்க்கிறோம். ஒரு அடையாளம் இருந்ததே, இந்த இடம்தானே என்று திரும்பத் திரும்பக் கிண்டும் மனம் எங்களுக்குத் தெரியாத மனம் அல்ல.

எங்கள் ஊரில் தோண்டியபோது வந்ததும் உண்டு. 1622 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள், கல்லைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசலில் மீன் சின்னமும் தமிழ் எழுத்தும் பதித்த கல்லை நீங்கள் எல்லோரும் சுற்றுலா போன வழியில் பார்த்திருப்பீர்கள். 1950 இல் திருகோணமலை நகரசபை ஆட்கள் கோயிலுக்குச் சற்றுத் தூரத்தில் தண்ணீருக்காகக் கிணறு வெட்டினார்கள். மண்வெட்டியில் தட்டுப்பட்டது சோமாஸ்கந்தர். சந்திரசேகரர், பார்வதி, மாதுமை அம்பாள், பிறகு பிள்ளையார். மூன்று நூற்றாண்டுக்கும் மேலாக ஒருவர் ஒளித்து வைத்த அடையாளம் ஒருவருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. புதைத்தவர் எத்தனை அடி, எந்த மரம் என்று யாருக்குச் சொல்லிவிட்டுச் செத்தாரோ, அந்தச் சொல் இடையில் எங்கோ அறுந்துபோயிருக்கிறது. பிறகு அந்தத் திருவுருவங்கள் மீண்டும் கோயிலுக்குப் போயின. அதற்கு முன் ஊர் ஊராக ஊர்வலமாகக் கொண்டுபோனதை எங்கள் பேத்திமார் சிறுமியராகப் பார்த்திருக்கிறார்கள். அப்போது ஒருவரும் விலை கேட்டதாக அவர்கள் சொல்லவில்லை.

1956 இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலைக்குக் கீழே சுழியோடி, கடலடியில் கிடந்த கோயில் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். அதே வில்சன் 1961 இல் தெற்கே கிரேட் பாஸஸ் கற்பாருக்குப் போனபோது, ஔரங்கசீப் காலத்தில் சூரத்தில் அச்சிட்ட வெள்ளி நாணயங்கள் கட்டிகட்டியாக இறுகிக் கிடந்த கப்பலைக் கண்டார். கூடப் போனவர்கள் இரண்டு அமெரிக்கப் பையன்கள். கிளார்க் அதைப் புத்தகமாகவே எழுதினார். இன்றைக்கென்றால் பத்துத் தொடர் எடுத்திருப்பார்கள்.

எல்லாப் புதையலும் வீடு வந்து சேரவில்லை. 1976 இல் தஞ்சாவூர்ப் பக்கம் பத்தூரில் ஒரு கூலியாள் மண் வெட்டும்போது நடராசர் சிலை கிடைத்தது. அது கைமாறிக் கைமாறி லண்டன் போனது, ஒரு கனடியக் கம்பனி வாங்கியது. வழக்கு லண்டன் நீதிமன்றத்தில் நடந்தது. இடிந்து பாழாய்க் கிடந்த ஒரு கோயில் வழக்காட முடியுமா என்பதே அங்கே பெரிய கேள்வி. முடியும் என்றார்கள். 1991 இல் நடராசர் இந்தியாவுக்குத் திரும்பினார். அந்த நீதிமன்றமும் கடைசியில் கேட்டது ரோட்ஷோக்காரர் கேட்கும் கேள்வியைத்தான்.

இங்கே சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். இங்கிலாந்தில் 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி புதையல் கண்டவர் பதினான்கு நாளுக்குள் அறிவித்தால் அவருக்கும் காணிக்காரருக்கும் வெகுமதி உண்டு. ஆகவே அங்கே ஓய்வுபெற்றவர்கள் உலோகம் காட்டும் கருவியோடு வயலில் நடந்து திரிவதைத் தொலைக்காட்சியில் பார்க்க ஆசையாக இருக்கும். பிள்ளைகளே, அந்த ஆசையை இங்கே கொண்டுவர வேண்டாம். எங்கள் நாட்டில் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, காணி உங்களுடையது என்பதற்காக நிலத்துக்குள் கிடக்கும் தொல்பொருள் உங்களுடையது ஆகாது. அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். பூசகரையும் ஸ்கேன் இயந்திரத்தையும் கூட்டிக்கொண்டு நள்ளிரவில் புதையல் தோண்டிக் கைதானவர்கள் செய்தி பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. எங்களில் ஒருவரின் பேரன் வாழைக்குக் குழி வெட்டும்போது ஒல்லாந்தர் செப்புக்காசு ஒன்றை எடுத்தான். வி.ஓ.சி. என்ற எழுத்து ஒன்றுக்குள் ஒன்று பின்னியிருந்தது. கப்பலோட்டிய தமிழரின் காசு என்று இரண்டு நாள் கொண்டாடினான். அது ஒல்லாந்தக் கம்பனியின் சின்னம், கோடிக்கணக்கில் அடித்த காசு, விலை பெரிதில்லை. என்றாலும் 1815 க்கு முந்தியது. உரிய இடத்துக்கு அறிவித்துவிட்டோம். அதனால்தான் அங்கே மேசையில் படம் மட்டும் இருக்கிறது.

ஆம், மேசை. பேச்சின் நோக்கமே அதுதான். தெருவோடு சேர்ந்து நூற்றாண்டுக்காக நாங்களும் ஒரு ரோட்ஷோ வைத்திருக்கிறோம், மண்டபத்தின் இடப்பக்க விறாந்தையில். மதிப்பீட்டாளர் இல்லை, விலையும் இல்லை. இதுவரை முப்பத்தொரு பொருள்கள் வந்திருக்கின்றன. ஒரு சிங்கர் கைமெசின் இருக்கிறது. அதன் இலக்கத்துக்கு முன்னால் உள்ள எழுத்தை வைத்து எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்கலாம், நாங்கள் கண்டுபிடித்துத் துண்டில் எழுதியிருக்கிறோம். உலகம் முழுக்க அத்தனை லட்சம் செய்ததால் ரோட்ஷோவில் அதற்கு மதிப்பே இல்லை. ஆனால் இந்த மெசினில் மூன்று சகோதரிகளின் சீருடை தைக்கப்பட்டது, பிறகு முகாமில் முப்பது குடும்பத்தின் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கப்பட்டது. 1942 ஏப்ரலில் யப்பானியர் குண்டு போட்ட காலத்துப் பித்தளை வெடிகுழல் ஒன்று பூச்சாடியாக இருக்கிறது. வெறுங்குழல்தான், பயப்படவேண்டாம். பாக்குவெட்டிகள் நாலு. தமிழ் ஆசிரியை ஒருவரின் பிரம்பும் வந்திருக்கிறது, கொண்டுவந்தவர் அதில் அடி வாங்கியவர்.

கொண்டுவந்தவர்களில் பாதிப்பேருக்கு அந்தப் பொருள் எப்படி வந்தது என்று முழுதாகச் சொல்லத் தெரியவில்லை. “அம்மாவுக்குத் தெரியும், அம்மா இப்ப இல்லை” என்றார்கள். மறுபக்கம், வெறுங்கையோடு வந்து முழுக் கதையும் சொன்னவர்கள் பலர். சங்கிலியின் கொளுக்கி எந்தப் பக்கம் வளைந்திருந்தது, யார் செய்தது, எத்தனை பவுண், எந்தக் கலியாணத்துக்கு யார் இரவல் வாங்கியது என்று எல்லாம் சொன்னார்கள். பொருள் மட்டும் இல்லை. 2025 மே மாதம், போர்க்காலத்தில் மீட்ட பொன் வெள்ளி நகைகளை இராணுவம் பொலிஸாரிடம் கையளித்த செய்தியைப் படம் போட்டுக் காட்டினார்கள். சொந்தக்காரரிடம் சேர்க்கவேண்டுமாம். எங்கள் விறாந்தையில் அன்றைக்கு ரோட்ஷோ ஓடவில்லை. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். வடக்கில் எந்தத் தாய் அதில் தன் தோட்டைக் கண்டு, தன்னுடையதென்று எதை வைத்துச் சொல்லப்போகிறாள் என்று பேசிக்கொண்டோம்.

ஆகவே அந்த மேசையின் முடிவில் ஒரு வெறும் தட்டு வைத்திருக்கிறோம். மறந்துபோய் விட்டதென்று நினைத்து ஒருவர் காலையில் அதை எடுத்து வடை வைத்துவிட்டார், திரும்ப வாங்கிவிட்டோம். அது இல்லாமல் போன பொருள்களுக்கான தட்டு. பக்கத்தில் நூற்றறுபது பக்கக் கொப்பி ஒன்று, பேனையை நூலால் கட்டியிருக்கிறோம். பொருள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், என்ன பொருள், யாருடையது, எப்படி வந்தது, எப்படிப் போனது என்று எழுதுங்கள். கண் தெரியாதவர்கள் சொன்னால் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் எழுதித் தருவார்கள். கனடாவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருந்து வந்திருக்கும் தோழியர் இரண்டு கிழமையில் பறந்துவிடுவீர்கள் என்று தெரியும், உங்களுக்கு முதலிடம். கொப்பி நிறைந்தால் பாடசாலை நூலகத்தில் வைக்க அதிபர் சம்மதித்திருக்கிறார்.

நசிந்த மூக்குப்பேணி மேசையின் நடுவில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கலாம். சொந்தக்காரி பக்கத்திலேயே கதிரை போட்டு இருக்கிறார், கேட்டால் சொல்லுவார். தயவுசெய்து புளி மட்டும் கொண்டுவராதீர்கள்.